பதினோராம் கேள்வி: சொந்த வீடு உண்டா?

மூன்றாம் மேசையில் இருந்த இளம் பெண் உத்தியோகத்தரின் விரல் என் மகளின் படிவத்தின் நடுவில் வந்து நின்றது. அதுவரை தடங்கலில்லாமல்தான் இறங்கிக்கொண்டிருந்தது. பெயர், முகவரி, கல்வித் தகைமை, வேலையில்லாமல் இருக்கும் காலம் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புப் பேனையால் சின்னச் சரி போட்டுக்கொண்டு வந்தார்.

மண்டபத்துக்கு வெளியே நல்ல மழை. ஈரக் குடைகளிலிருந்து வடிந்த தண்ணீர் கதிரைகளுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் "உங்கள் நகரில் உங்களுக்கு வேலை" என்று எழுதிய நீளமான பதாகை. மின்விசிறிக் காற்றில் அதன் ஒரு மூலை கழன்று, "வேலை" என்ற சொல் மட்டும் மடிந்து மடிந்து விழுந்தது.

"அங்கிள், பதினொண்டுக்கு 'ஆம்' எண்டு போட்டிருக்கு."

"ஓம் மகள்," என்றேன் அந்தப் பிள்ளையிடம்.

"இவட பேரில வீடு இருக்கா?"

"இருக்கு. கல்லடியில. அதிலதான் நாங்களும் இருக்கிற."

"அப்ப ஏலாதே."

முடியாது என்பதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சீனி முடிந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு பேனையை மூடினார். அந்த மூடி விழுந்த 'டிக்' சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. பக்கத்தில் நின்ற என் மகள் தர்சினி, சான்றிதழ்கள் இருந்த பொலித்தீன் உறையை நெஞ்சோடு இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

சென்ற கிழமை எனக்கு முதல் நியமனம் கிடைத்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் சந்தியில் என் சைக்கிளை மறித்து, "உங்கட வேலைக் கதை சரி, மகள்ட வேலை என்ன மாதிரி?" என்று கேட்டார். எழுதாமல் விட நினைத்த கதை இது. இனி எழுதாமல் விட்டால் நான் சுகமாகத் தூங்குகிறேன் என்று நினைத்துவிடுவார்கள்.

படிவம் நிரப்புகிறவன்

நான் ஒரு பாடசாலை அலுவலகத்தில் எழுதுவினைஞன். முப்பது வருடமாக மற்றவர்களுடைய படிவங்களைத்தான் நிரப்பி வருகிறேன். லீவு, கடன், இடமாற்றம், ஓய்வூதியம். எந்தப் பெட்டியையும் வெறுமையாக விடக்கூடாது, பொருந்தாவிட்டால் கோடு இழுக்க வேண்டும், அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையொப்பம் வைக்க வேண்டும். இவை எனக்குச் சாமி கும்பிடுவது மாதிரி.

எங்கள் ஒழுங்கையில் யாருக்குப் படிவம் வந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். "மாஸ்டர், இதையும் ஒருக்கா பாருங்க" என்பார்கள். நான் மாஸ்டர் இல்லை. ஆனால் பாடசாலையிலிருந்து வருகிறவன் எல்லாரும் அவர்களுக்கு மாஸ்டர்தான்.

அப்படிப்பட்டவன் சொந்த மகளின் படிவத்தை வேறு யாரிடமாவது கொடுப்பேனா? நானே நிரப்பினேன். கறுப்பு மை, பெரிய எழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. பதினோராம் கேள்வி வந்தபோது தர்சினி தயங்கினாள்.

"அப்பா, இதுக்கு 'இல்லை' எண்டு போட்டா என்ன? நான் என்ன வீட்டை வித்தா திங்கப் போறன்?"

"உள்ளதை எழுதுவம் புள்ள. நாளைக்கு ஆரும் ஒரு வார்த்தை கேட்டிரப்படாது."

நான்தான் சொன்னேன். என் வாயால். பிறகு என் கையால் 'ஆம்' என்று எழுதினேன்.

நண்டு வாசம்

அது என்ன வேலை என்று சொல்ல வேண்டும். வாவிக் கரையில் நண்டும் இறாலும் துப்பரவு செய்து, பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்புகிற ஒரு சிறிய ஆலை. அங்கே தரம் பார்க்கிற உதவியாளர்கள் இருவர் தேவை. தர்சினி படித்தது உணவுத் தொழினுட்பவியல். படிப்பு முடிந்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். இவளுக்காகவே பிறந்த வேலை போலத்தான் எனக்குப் பட்டது.

ஆனால் ஆலை நேரடியாக ஆள் எடுக்காது. வேலையற்ற நகரத்து இளையோருக்கு உதவும் ஒரு திட்டம் முதல் வருடக் கொடுப்பனவைத் தரும்; அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறவர்களைத்தான் ஆலை எடுக்கும். பட்டியல் ஓர் அலுவலகத்தின் கையில். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த கிழமை நான் அங்கே ஒரு கையொப்பத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

பட்டியலுக்கு முன்பே ஆலைக்காரர் இவளை ஒரு நாள் வந்து பார்க்கச் சொன்னார்கள். போனாள். பின்னேரம் வந்தபோது தலைமுடி வரைக்கும் நண்டு வாசம். கைவிரல்கள் ஐஸில் கிடந்து வெளுத்திருந்தன.

என் மனைவி ஞானம் மூக்கைப் பொத்தினாள். "குளிச்சிற்று உள்ளுக்க வாகா!"

தர்சினி கிணற்றடியில் நின்றபடியே கத்தினாள்: "அம்மா, அவங்கட வெப்பமானி பிழையா காட்டுது. நான்தான் கண்டுபிடிச்ச! அந்தப் பெரியவர், 'நீங்க எப்ப வாறீங்க மகள்' எண்டு கேட்டவர்!"

இரண்டு வருடத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கடல் வந்த பிறகு ஒரு படிவம்

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போகாவிட்டால் அந்த 'ஆம்' எங்கிருந்து வந்தது என்று விளங்காது.

நான் தேற்றாத்தீவில் பிறந்தவன். கலியாணம் கட்டிக் கல்லடிக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் ஆம்பிளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவது. வீடு பெண்ணுக்குரியது. தாய் வீட்டை மகளுக்குக் கொடுப்பாள், அவள் தன் மகளுக்குக் கொடுப்பாள். மருமகன் ஒரு பெட்டியோடு வந்து சேர்வான். நானும் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு வந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் தங்கைமாருக்கு என் உழைப்பில் வீடு போனது, ஞானத்தின் வீட்டுக்கு நான் வந்தேன். கணக்குச் சரி.

சுனாமியில் கடல் வந்தது. ஞானத்தின் வீடும் அதன் உறுதிப் பத்திரமும் போயின. தர்சினிக்கு அப்போது இரண்டு வயது. மூவரும் தப்பியதே பெரிய விசயம். அதை இந்தத் தொடரின் தொடக்கத்தில் எழுதிவிட்டேன், இன்னொரு முறை எழுதத் தென்பில்லை.

பிறகு உள்ளே தள்ளி ஒரு கல்வீடு கட்டித் தந்தார்கள். அதற்கும் ஒரு படிவம். "குடும்பத் தலைவர் பெயர்" என்று ஒரு பெட்டி. குடும்பத் தலைவர் என்றால் ஆம்பிளை என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் பெட்டி கேட்டதை எழுதினேன். வீடு என் பெயரில் வந்தது.

ஞானம் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். "அப்ப இந்த வீட்டில நான் ஆர்?" என்று மட்டும் கேட்டாள். சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். பிடிக்கவில்லை. பல நாள் என்னோடு சோறு போடும் அளவுக்குத்தான் பேசினாள்.

பல வருடம் கழித்து ஒரு காலையில் நெஞ்சு நோவு வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது என் பெயரில் இருந்த அந்த வீட்டு உறுதிதான். நான் போய்விட்டால், ஒரு பெண்ணுக்குப் போக வேண்டிய வீடு எத்தனை கந்தோர் படி ஏறி இறங்கும்? வீடு திரும்பிய கிழமையே ஞானத்தோடு பேசினேன். "என்ட பேருக்கு எழுதி, மறுகா அவட பேருக்கு எழுதி, ரெண்டு வேலை ஏன்? நேரா புள்ளைக்கே எழுதுங்க" என்றாள்.

நொத்தாரிசிடம் போய்த் தர்சினியின் பெயரில் எழுதினோம். எங்கள் இருவருக்கும் சீவிய உரித்து வைத்து. அதாவது நாங்கள் உயிரோடு இருக்கும் வரை வீட்டை ஆள்வது நாங்கள். அவள் விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. பொதுவாகக் கலியாணப் பேச்சு வரும்போது செய்கிற காரியம். நான் பயந்தவன், முன்கூட்டியே செய்தேன்.

ஒரு படிவத்தில் நடந்த பிழையைத் திருத்தப் போய், அடுத்த படிவத்தில் மகளை மாட்டிவிட்டேன்.

மீண்டும் மூன்றாம் மேசை

"மகள், ஒரு நிமிசம்," என்றேன் உத்தியோகத்தரிடம். "நீங்க எந்தப் பக்கம்?"

"இஞ்சதான் அங்கிள். பாலத்துக்கு இஞ்சால."

"இருக்கிற வீடு ஆர்ர பேரில?"

சிவப்புப் பேனையைச் சுழற்றினார். மெல்லச் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டார். "என்ட பேரிலதான். அம்மா தந்த."

"நீங்க வேலைக்குச் சேரக்குள்ள ஆரும் அதைக் கேட்டவங்களா?"

"கேக்கல்ல."

"கேட்டிருந்தா?"

"எனக்குத் தெரியும் அங்கிள். எனக்குத் தெரியாதா? இந்தப் படிவம் இஞ்ச அடிச்சதில்ல. மேலயிருந்து வாற. 'அசையாச் சொத்து உடையவர் தகுதியற்றவர்' எண்டு கிடக்கு. நான் என்ன செய்யிற?"

எனக்கு அந்தப் பிள்ளையில் கோபம் வரவில்லை. அந்தப் பதினோராம் கேள்வியை எழுதியவர் மேல்தான் வந்தது, இன்னும் போகவில்லை. வீடு ஆம்பிளையின் பெயரில் இருக்கும், பெண்ணின் பெயரில் ஒன்று இருந்தால் அவள் பணக்காரி என்று நினைக்கிற ஒருவர், எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இங்கே வந்து ஒரு நாள் எந்த ஒழுங்கையிலாவது நடந்திருந்தால் தெரிந்திருக்கும்: ஓட்டைத் தகரம் போட்ட வீடும் ஒரு பெண்ணின் பெயரில்தான் இருக்கும். கரண்ட் வெட்டிய வீடும் ஒரு பெண்ணின் பெயரில்தான் இருக்கும். அந்தக் கேள்வி பணக்காரரைத் தள்ளி வைக்கவில்லை. எங்கள் பெண் பிள்ளைகளைத் தள்ளி வைத்தது. தம்பிமார் எல்லாரும் கையை வீசிக்கொண்டு பதினொன்றைத் தாண்டிப் போனார்கள்.

உதவி என்று சுவரெல்லாம் ஒட்டுகிறார்கள். வாசிகசாலைப் பலகையில் மட்டும் அன்றைக்கு ஏழெட்டு அறிவித்தல். ஒன்று முடிவுத் திகதி கழிந்த பிறகு ஒட்டியது. ஒன்றுக்கு மூன்று வருட அனுபவம் வேண்டும், ஆனால் அது பயிலுநர் பதவி. இன்னொன்றில் தொடர்பு இலக்கத்தை மழை தின்றுவிட்டது. கடைசியில் பிழையில்லாத ஒன்று கிடைத்தது என்று வந்தால், பிள்ளைக்குப் பெற்றோர் வீடு கொடுத்ததே குற்றம்.

"ஒரு வழி இருக்கு," என்று உத்தியோகத்தர் குரலைத் தாழ்த்தினார். "உறுதியை மாத்தி உங்கட பேருக்கே எடுங்களன். மறுகா பாப்பம்."

குடுத்த வீட்டை...

வீட்டில் இதைச் சொன்னதும் ஞானம் கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள்.

"குடுத்த வீட்டை ஆரும் திருப்பி வாங்குவாங்களா? இந்த ஒழுங்கையில நாளைக்கு என்ன கதை வரும் தெரியுமா உங்களுக்கு? வீட்டைக் குடுத்திற்றுப் பறிச்சிற்றாங்க, புள்ளையில ஏதோ பிழை இருக்கு எண்டுதான் செல்லுவாங்க. அவளுக்கு ஒரு இடம் பேசி வந்தா நான் எந்த முகத்தோட நிக்கிற?"

"வேலைக்காகத்தானே ஞானம்..."

"ஒருக்கா ஒரு படிவத்துக்காக என்ட வீட்டை உங்கட பேருக்கு எடுத்தீங்க. இன்னொரு படிவத்துக்காக என்ட மகள்ட வீட்டையும் எடுக்கப் போறீங்களா?"

நான் வெளியே போய்ச் சைக்கிளைத் துடைத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை, மழையில் கழுவுண்டு பளபளவென்று இருந்தது.

அடுத்த நாள் தர்சினியோடு படித்த சங்கீதா வந்தாள். நாலு வீடு தள்ளி இருக்கிற பிள்ளை. கேற்றைப் பிடித்தபடி நின்றாள், உள்ளே வரவில்லை. பட்டியலில் அவள் பெயர் வந்துவிட்டது.

"அங்கிள், நான் 'இல்லை' எண்டுதான் போட்ட. அம்மா அப்பிடித்தான் போடச் சொன்னவ. என்னோட கோவிக்காதீங்க."

அவள் இருக்கிற வீடும் அவள் பெயரில்தான். எனக்குத் தெரியும், அந்த உறுதிக்குச் சாட்சிக் கையொப்பம் வைத்தவனே நான்தான்.

சங்கீதா எழுதியது பொய் என்று மேலே ஒரு பெட்டிசம் போட்டால் போதும், அவள் பெயர் பட்டியலில் இருந்து போய்விடும். முப்பது வருட எழுத்துப் பழக்கம், பத்து நிமிட வேலை. இதை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். நினைத்த மறு நிமிடம் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கேள்வி, நல்ல பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கிறது. இன்னொரு பிள்ளையின் தகப்பனைக் கோள் சொல்ல வைக்கப் பார்க்கிறது. இதற்குப் பெயர் உதவித் திட்டம்.

"ஒழுங்கா வேலைக்குப் போ புள்ள," என்று சொல்லி அனுப்பினேன். தர்சினி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த வெப்பமானியை மாத்தச் செல்லு, சங்கீ!" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

மேன்முறையீடு

மேன்முறையீடு எழுதினேன். மூன்று பக்கம், எங்கள் வழக்கம், சீவிய உரித்து எல்லாம் விளக்கி. விசாரணைக்கு அழைத்தார்கள். நீண்ட மேசை. நடுவில் தலைமை உத்தியோகத்தர், வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர். இரண்டு பக்கமும் ஐந்து பெண் உத்தியோகத்தர்கள். மூன்றாம் மேசைப் பிள்ளையும் இருந்தார்.

"கலியாணமே நடக்கேல்லை. அதுக்குள்ள ஏன் வீட்டைப் பிள்ளையின்ர பேரில எழுதினனீங்கள்?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் தர்சினி எழுந்துவிட்டாள்.

"சேர், நான் ஒண்டு கேக்கலாமா? இந்த மேசையில இருக்கிற அக்காமாரில ஆருக்கு சொந்தப் பேரில வீடு இல்ல?"

ஒருவர் கோப்பைத் திறந்தார். ஒருவர் யன்னலைப் பார்த்தார். மூலையில் இருந்த வயதான உத்தியோகத்தர் மட்டும், "எனக்கில்ல மகள். மூத்த மகளுக்குக் குடுத்திற்று இப்ப நான் அவட குசினிக்குப் பக்கத்தில கிடக்கன்," என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை, சிரிப்பு ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் தங்கச்சி."

"சேர், வீடு சம்பளம் தாறல்ல."

அவர் எதையோ எழுதினார். மேலே அனுப்புவதாகச் சொன்னார்.

சில கிழமைகளில் பதில் வந்தது. தங்கள் முறையீடு பரிசீலிக்கப்பட்டது. விண்ணப்பதாரர் அசையாச் சொத்து உடையவர். பதவி வெற்றிடங்களும் நிரப்பப்பட்டுவிட்டன. கீழே, தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

வீட்டுக்காரி

தர்சினி கொழும்புக்குப் போனாள். ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. படித்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு அறையில் நாலு பெண்கள். யன்னல் இருக்கிறது, திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்.

போகிற காலையில் வீட்டுத் திறப்பை என் கையில் வைத்தாள். "வாடகை தர வேணாம் அப்பா. குசினிக் கதவை மட்டும் கவனமாப் பூட்டுங்க, பூனை வரும்."

நான் சிரித்தேன். ஞானமும் சிரித்தாள். மகளை ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கல்லடிப் பாலத்தில் சைக்கிளை நிறுத்த வேண்டி வந்தது. மிதிக்க ஏலவில்லை.

அதற்குப் பிறகு படிவம் என்றால் எனக்குப் பயம். வங்கியில் ஒரு சின்னத் தாளைக்கூட மூன்று முறை படிக்கிறேன். பாடசாலையில் புதுப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்.

போன மாதம் ஒரு முற்பகல் கேற்றில் சத்தம். மூன்றாம் மேசை உத்தியோகத்தர். தோளில் பை, கையில் ஒரு கட்டுத் தாள். உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"அங்கிள், திட்டம் திரும்ப வந்திருக்கு. ஆலையில இன்னும் ஒரு ஆள் வேணுமாம். அண்டைக்கு தர்சினி கேட்டது எழுத்தில மேல போயிருக்கு. பதினொண்டைப் பாருங்க."

பார்த்தேன். "பெற்றோர் வழங்கிய, தாம் குடியிருக்கும் வீடு தவிர்ந்த வேறு அசையாச் சொத்து உண்டா?" என்று இருந்தது. என் மகள் எழுந்து நின்று கேட்ட கேள்வி. அதை இரண்டாம் முறை படிக்கக் கண் விடவில்லை.

'இல்லை' என்று எழுதினேன். உண்மையாகவே இல்லை. மற்றப் பெட்டிகளையும் நிரப்பிக்கொண்டு போனேன். கடைசியில் ஒன்று கிடந்தது: "விண்ணப்பதாரர் தற்போது இம்முகவரியில் வசிக்கிறாரா? ஆம் / இல்லை."

பேனை நின்றது. உத்தியோகத்தர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பூச்சட்டியைப் பார்த்தார். முன் மண்டபத்து ஆணியில் தர்சினியின் மழைக்கோட்டு தொங்கியது. அதன் கீழே அவளுடைய பழைய செருப்பு. ஞானம் குசினி வாசலில் வந்து நின்றாள்.

ஆம் என்றால் பொய். இல்லை என்றால் அவள் இந்த நகரத்துப் பிள்ளை இல்லை. எங்களுக்கு வீடு கொடுத்துவிட்டு, வாடகை அறையில் கிடப்பவளுக்கு எந்தப் பெட்டி?

முப்பது வருடத்தில் நான் செய்யாத ஒன்றைச் செய்தேன். இரண்டு பெட்டியையும் விட்டுவிட்டு, கீழே ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன்: "வீட்டுக்காரி இவள்தான். வேலை தாருங்கள், அடுத்த ரயிலில் வீட்டுக்கு வருவாள்."

உத்தியோகத்தர் அதை வாங்கி நின்றபடியே படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார். சிவப்புப் பேனையை எடுத்தார். நான் மூடி விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

அந்த வரியின் பக்கத்தில் ஒரு சின்னச் சரி போட்டு, தாளைப் பைக்குள் வைத்தார். "வாறன் அங்கிள்" என்றார். இந்த முறை 'ஏலாது' என்று சொல்லவில்லை.